ஸ்டெர்லிங் இருப்பும் சண்முகம் செட்டியாரும்

கோவையின் வணிகக் குடும்பம் ஒன்றில் 1892இல் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்ற ஆர்.கே. சண்முகம் செட்டியார், நீதிக்கட்சி வழியாகச் சென்னைச் சட்டமன்றத்திலும், சுயராஜ்யக் கட்சி வழியாக டெல்லி மத்திய சட்டசபையிலும் நுழைந்து, 1933இல் அச்சபையின் தலைவராகவும் (இன்றைய வழக்கில் சபாநாயகர்) உயர்ந்தார். ஆனால், பிரிட்டிஷ் பேரரசின் நாடுகள் தமக்குள் சுங்கவரிச் சலுகை அளித்துக்கொள்வதற்காக 1932இல் கூடிய ஒட்டாவா மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்து, அந்த உடன்படிக்கையை ஆதரித்தது தேசியவாதிகளின் கோபத்துக்கு அவரை ஆளாக்கிற்று. 1934 தேர்தலில் அவர் தோற்றார். அடுத்த ஆண்டு முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார்.

அவருடைய ராஜதந்திரப் பணியின் உச்சம் என்று கருதத்தக்கது, 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன்வுட்ஸில் நடந்த நாணய மாநாடு. போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவில் வாங்கிய பண்டங்களுக்கும் செய்த படைச் செலவுக்கும் உரிய தொகை லண்டனில் பவுண்டுகளாகக் கணக்கில் வைக்கப்பட, அதை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டுகள் அச்சிடப்பட்டன. ‘ஸ்டெர்லிங் இருப்பு’ என்று பெயர் பெற்ற இத்தொகை போர் முடிவதற்குள் 100 கோடி பவுண்டைத் தாண்டியது. ஏட்டில் இந்தியா கடன் கொடுத்த நாடு. ஆனால் அந்த ஏட்டுக்குப் பின்னால் இருந்தது, விலைவாசி உயர்வால் இந்திய மக்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த சேமிப்பு என்பதை மறந்துவிடலாகாது. இந்த இருப்பை, அம்மாநாட்டில் உருவான பன்னாட்டு நாணய நிதியத்தின் வழியாகத் தீர்க்க வேண்டும் என்று செட்டியாரும் தொழிலதிபர் ஏ.டி. ஷ்ராஃபும் உள்ளிட்ட இந்தியக் குழு வாதாடியும் வல்லரசுகள் இணங்கவில்லை. எனினும், உறுப்பு நாடுகள் அனைத்தின் உற்பத்தி வளங்களையும் வளர்ப்பது என்ற சொற்கள் நிதியத்தின் நோக்கங்களுள் இடம்பெற்றதில் இந்தியக் குழுவின் முயற்சிக்குப் பங்குண்டு. பங்குத்தொகை வரிசையில் 40 கோடி டாலருடன் ஆறாம் இடத்தில் இருந்த இந்தியா, சோவியத் ஒன்றியம் சேராமல் ஒதுங்கியதால் ஐந்தாம் இடம் பெற்று, முதல் ஐந்து நாடுகளுக்கு உரியதான, நிர்வாக இயக்குநர் ஒருவரைத் தானே நியமிக்கும் உரிமையையும் அடைந்தது.

நாடு விடுதலை பெற்றதும், காங்கிரஸ்காரர் அல்லாத செட்டியாரை நேரு தமது முதல் அமைச்சரவையில் நிதியமைச்சராக்கினார். 1947 நவம்பர் 26இல் அவர் படித்த, ஏழரை மாதங்களுக்கான முதல் வரவு செலவுத் திட்டத்தில் வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி; அச்செலவில் 92.74 கோடி பாதுகாப்புக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. பிரிவினையின் சுமை எத்தகையது என்பதற்கு இந்த எண்களே போதும்.

பிரெட்டன்வுட்ஸில் மறுக்கப்பட்ட கணக்கை அவர் விடவில்லை. 1948 ஜூலையில் லண்டனில் அவர் முடித்த ஒப்பந்தத்தின்படி, பிரிட்டன் விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களின் விலையும், ஆங்கிலேய அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கான மொத்தத் தொகையும் ஸ்டெர்லிங் இருப்பிலிருந்தே கழிக்கப்பட, எஞ்சியதில் ஒரு பகுதியை இந்தியா தன் இறக்குமதிக்கு எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. அடுத்த மாதமே, வருமான வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில ஆலை அதிபர்களின் பெயர்கள் நீக்கப்பட்டது பற்றிக் கண்டனம் எழ, அவர் பதவி விலகினார். அந்த ஒப்பந்தத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு, பின்னர் நிதியமைச்சரான ஜான் மத்தாயிடம் சென்றது.