கிந்தா தமிழரின் பேச்சு மரியாதை: லயத்திலிருந்து கைப்பேசி வரை

லகாட், பேராக் மாநிலத்தின் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவுக்குத் தென்மேற்கே மெங்லெம்புவை அடுத்திருக்கும் சிற்றூர். ஈயத்தால் எழுந்த ஊர் அது. 1880களின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு நிறுவனம் ஒன்று அங்கே ஈயம் எடுத்தது. லம்பங்கள் எனப்பட்ட ஈயச் சுரங்கங்களில் பெரும்பாலும் சீனர்கள் உழைத்தார்கள். தமிழர்கள் ரயில் பாதைக்கும் சாலை வேலைக்கும் வந்தார்கள்; ரப்பர் பரவியபோது தோட்டங்களுக்கு வந்தார்கள். ஈப்போவில் புந்தோங் பக்கமாக வெளியேறும் சாலைக்கு இன்றும் லகாட் சாலை என்றே பெயர். அந்தச் சாலையை ஒட்டியும் அப்பால் பத்துகாஜா வரையிலும் பரவியிருந்த தமிழர் வாழ்வில், யாரை எப்படி அழைப்பது, எந்தச் சொல்லை யாரிடம் சொல்லலாம் என்பதற்கு எழுதாத, ஆனால் கறாரான விதிகள் இருந்தன. அவை கலைந்த வரலாறு நீண்டது. இணையம் அதில் கடைசியாக வந்து சேர்ந்தது.

தோட்டத்து மரியாதை இரண்டு வகைப்பட்டது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, அந்தக் காலத்தில் எல்லாரும் பணிவாக இருந்தார்கள் என்று ஏங்குவது உழைத்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

முதல் வகை மேலிருந்து சுமத்தப்பட்டது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதே அது தொடங்கிவிடும். உச்சியில் தோட்ட மேலாளரான துரை, அவருக்குக் கீழே சின்னத் துரை, எழுத்தர்களான பெரிய கிராணி, சின்னக் கிராணி, ஆட்களை வேலைவாங்கும் கங்காணி, தண்டல். பால்மரம் வெட்டுபவர் இவர்கள் அனைவரிடமும் பணிந்து பேச வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது ஒருமை. வயதுக்கு அங்கே மதிப்பில்லை. தாத்தா வயதுக்காரரைப் பேரன் வயது சின்னத் துரை ‘நீ’ என்றே கூப்பிடுவார். அவர்கள் தமிழைக் கற்றதே அப்படித்தான். தோட்டத் துரைகளுக்காக இலங்கையில் அச்சான ஒரு தமிழ்க் கையேட்டின் பெயரே ‘இங்கே வா’. பத்துகாஜா அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகை இன்று சுற்றுலாத் தலம். அதற்குப் பக்கத்தில் அவருடைய தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வச் சிலைகளுக்கு நடுவே அந்தத் துரையின் உருவமும் நிற்கிறது. துரை என்பவர் எவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்டிருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த மரியாதையின் மிகக் கசப்பான விதி சைக்கிளைப் பற்றியது. சைக்கிளில் போகும் தொழிலாளி, எதிரே துரையோ கிராணியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும். 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் இந்த வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான சம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதைத் தடுப்பது ஆகியவற்றோடு சைக்கிளும் பட்டியலில் இருந்தது. கூலியைப் போலவே அவமதிப்பும் அவர்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்பது இதிலிருந்து புரியும். போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ இதழில் துணையாசிரியராக இருந்தவர். மே மாதம் அவர் கைதானதும் வேலைநிறுத்தம் மேலும் பரவியது. அரசு நெருக்கடி நிலையை அறிவித்துப் படையை இறக்கியது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். இந்த மரியாதை ஒழிந்ததில் இழப்பு ஒன்றுமில்லை. அதை ஒழிக்க உயிர் கொடுத்தவர்களை மறக்காமல் இருப்பதே முறை.

இந்த வேலைநிறுத்தத்துக்கு முன்பிருந்தே உள்ளேயிருந்தும் ஒரு மாற்றம் வந்துகொண்டிருந்தது. தோட்டங்களில் சாதி கப்பலோடு வந்திறங்கியிருந்தது. பல இடங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள்கூடச் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. சாதியை எதிர்த்த பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி, ஈப்போவிலும் பேசினார். பின்னர் 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கி அந்தச் சிந்தனையை மலாயாத் தோட்டங்கள்வரை கொண்டுபோனார். சாதிப் பெயரால் அழைப்பது கூடாது, உழைப்பவருக்கும் ‘திரு’ உண்டு என்ற பேச்சு பெருகியது. தண்டலிடம் ஒருமையில் திட்டு வாங்கியவர், மாலையில் சங்கக் கூட்டத்தில் ‘தலைவர் அவர்களே’ என்று அழைக்கப்பட்டார். மேலிருந்தவர்கள் மறுத்துவந்த மரியாதையைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள அந்த மேடைகள் கற்றுக்கொடுத்தன.

இரண்டாம் வகை மரியாதை லயத்துக்குள் பிறந்தது. அதற்குத் துரையும் காரணமில்லை, சட்டமும் காரணமில்லை. ஒரே கூரையின் கீழ், பலகைச் சுவர் நடுவே இருக்க, பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வாழ்ந்தன. தாய்மார் மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் ஒன்றாகக் கிடந்தார்கள். தண்ணீருக்குப் பொதுக் குழாய், கும்பிட ஒரே மாரியம்மன். இரத்த உறவில்லாதவர்களும் அண்ணன், அக்கா, மாமா, அத்தை, தாத்தா ஆனார்கள். முறை சொல்லி அழைத்தபின் அந்த முறைக்குரிய நாக்கடக்கமும் கூடவே வந்தது. பக்கத்து வீட்டு மாமாவின் எதிரில் இளைஞன் சிகரெட்டை மறைப்பான். அத்தை என்று அழைத்தவளிடம் கேவலமாகப் பேசினால் ஊரே கேட்கும். இந்த உறவு முறை சாதிக் கோட்டைத் தாண்டிப் பெண் கொடுக்கும் அளவுக்குப் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் பேச்சின் அளவில் அது பெரும்பாலும் தாண்டியது.

லயத்தில் ஏச்சே கேட்டதில்லை என்று சொன்னால் தோட்டத்தில் வளர்ந்தவர் எவரும் நம்பமாட்டார். குழாயடிச் சண்டை பெயர்பெற்றது; கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் சம்பள நாள் இரவுகளும் அப்படியே. வசவுகள் இன்றைய எந்த வசவுக்கும் குறைந்தவையல்ல. ஆனால் அந்தச் சண்டைக்கு எல்லைகள் இருந்தன. ஏசுபவர் முகம் காட்டித்தான் ஏச வேண்டும். சுற்றி நிற்பவர்கள் இருவருக்கும் தெரிந்தவர்கள். அவர்களில் ஒரு கிழவி இடையில் புகுந்து இருவரையும் அதட்டுவாள். அளவு மீறினால் கோயில் பெரியவர்கள் கூப்பிட்டு விசாரிப்பார்கள், மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள், சில நேரம் தண்டமும் விதிப்பார்கள். மறுநாள் விடியற்காலையில் இருவரும் அதே பிரட்டுக் களத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த மறுநாள் என்பதே நாக்கைக் கட்டியது.

தோட்டங்கள் கலைந்தபோது இந்த ஏற்பாடும் கலைந்தது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். அதைத் தடுக்கவே பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். ஆயினும் வெளியேற்றம் நிற்கவில்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, பின்பு வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. கிந்தாத் தோட்டத்துப் பிள்ளைகள் புந்தோங்கிலும் ஈப்போவின் மலிவு விலை வீடுகளிலும் கோலாலம்பூரிலும் குடியேறினார்கள். லயத்து மாமாவும் அத்தையும் எங்கெங்கோ சிதறிப் போனார்கள். அண்டை வீட்டாரின் பெயரே தெரியாத அடுக்குமாடியில் யாரை முறை சொல்லி அழைப்பது?

வாழ்க்கை தந்துவந்ததை அரசு பாடமாக்க முயன்றது. 1969 மே கலவரத்துக்குப் பின், 1970 ஆகஸ்ட் 31 அன்று அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடுகளில் ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும் பற்றியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அதைச் சபைகூடலில் சொல்லி வளர்ந்தார்கள்; 1980களில் நன்னெறிக் கல்வி தனிப் பாடமானது. 2005இல் நாடு தழுவிய நற்பண்பு இயக்கமும் தொடங்கியது. முயற்சி நல்லதே. ஆனால் தேர்வுக்காக மனப்பாடம் செய்த பண்புக்குப் பிரட்டுக் களத்து மறுநாளின் பிடிப்பு இல்லை.

அச்சு ஊடகம் இருந்தவரை இன்னொரு காவலும் இருந்தது. வாசகர் கடிதத்தை ஆசிரியர் படித்த பிறகே அச்சேற்றுவார். கோபம் தங்கும், வசவு வெட்டப்படும். 1924 முதல் வந்துகொண்டிருந்த ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றது. அதற்குள் பேச்சு கைப்பேசிக்குப் போய்விட்டது. தமிழைக் கணினியில் ஏற்றியதில் மலேசியாவுக்குப் பெரும் பங்குண்டு: முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். ஆனால் ஏச்சுக்கு அந்த எழுத்துருவும் தேவைப்படவில்லை. மலாயும் ஆங்கிலமும் கலந்து, ரோமன் எழுத்தில் தமிழை எழுதி ஏசுவது வழக்கமானது. அப்படி எழுதியதைத் தளங்களின் வடிகட்டிகள் பிடிப்பது கடினம். டிக்டாக் நேரலையில் நிலைமை மோசம். பார்ப்பவர்கள் பெருகப் பெருக ஏசுபவருக்குப் பரிசும் பணமும் வருகின்றன. குழாயடியில் கூட்டம் சண்டையை விலக்கியது. இங்கே கூட்டம் அதற்குக் காசு கொடுக்கிறது. இலக்காவது பெரும்பாலும் பெண்கள். பெரியார் வந்து போய் ஒரு நூற்றாண்டு நெருங்கும் வேளையில் சாதியும் அந்த வசவுகளில் திரும்பிவந்திருக்கிறது.

2024 ஜூலையில் இந்த இணைய ஏச்சு ஓர் உயிரைக் கொண்டுபோனது. சமூக ஊடகத்தில் இயங்கிவந்த ஒரு மலேசியத் தமிழ்ப் பெண், டிக்டாக்கில் வந்த மிரட்டல்களைப் பற்றிக் காவல்துறையில் புகார் கொடுத்த மறுநாள் இறந்துகிடந்தார். இழிவாகப் பேசிய குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டப்படி விதிக்க முடிந்த உச்ச அபராதம் 100 ரிங்கிட். அந்தத் தொகை நாட்டையே கொதிக்க வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியது. 2025 ஜூலை 11 முதல் இணையப் பகடிவதை தனிக் குற்றம். அது ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டினால் 10 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். 2025 ஜனவரி முதல், 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகத் தளங்கள் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் உரிமம் பெற வேண்டும் என்ற விதி வந்தது. 2026 ஜனவரி 1 அன்று இணையப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. தீங்கான பதிவுகளைக் குறைப்பதும், பயனர் புகார் செய்ய வழி வைப்பதும் அச்சட்டப்படி தளங்களின் கடமை.