தணிகைமலையும் உடலோம்பலும்

யாக்கை நிலையாமை சைவத் திருமுறைகளிற் பலவிடத்தும் பேசப்படுவதொன்று. அவ்வுரைகளைக் கேட்டுப் பழகிய அன்பருட் சிலர், உடம்பைப் பேணுதல் உலகியலார்க்கே உரியது, அடியார்க்கு அஃது இழுக்கு எனக் கருதிவிடுகின்றனர். உண்ணும் பொழுதில் உண்ணாமையும், உறங்கும் பொழுதில் உறங்காமையும், நோய் வந்துழி மருந்தை மறுத்தலுமே வைராக்கியம் என்பது அவர் துணிபு. நீரிழிவுடையார் மருத்துவர் சொல்லைத் தள்ளி உபவாசம் இருந்து அல்லற்படுதலை இன்றும் காண்கின்றோம். இத்துணிபு சைவத்திற்கு ஒக்குமா என்பதைத் திருத்தணிகையின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

முதற்கண் சித்தாந்தம் கூறுவதை நோக்குவாம். ஆணவ இருளில் அறிவு மறைந்து கிடக்கும் உயிர்க்கு, இறைவன் மாயையினின்று தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்து அளிக்கின்றான். ஞாயிறு எழுமளவும் விளக்கு உதவுமாறு போல, திருவருள் விளங்குமளவும் இவ்வுடம்பு உயிர்க்கு உதவுவதாகும். விளக்கு ஞாயிறன்று, அதனையே ஞாயிறென மயங்குவோன் பேதை. ஆயினும், விடியுமுன்னரே நெய்யிடாது அதனை அவியவிடுவோனும் பேதையே. திருமூலர் தாமும் ஒருகாலத்து உடம்பை இழிவாக எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே மெய்ப்பொருள் எழுந்தருளியிருத்தலைக் கண்டு, அதனைக் காக்கத் தலைப்பட்டமையைத் திருமந்திரத்திற் கூறியிருக்கின்றார். திருஞானசம்பந்தர் கொங்குநாட்டில் தம்முடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்திய ஞான்று, உடம்பு பொய்தானே என்று வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் பாடி அந்நோயை நீக்கினார்.

இனித் தணிகைக்கு வருவாம். ஆந்திர எல்லையை அடுத்து நிற்கும் இத்தலம், சித்தூர் மாவட்டத்தின் பகுதியாய் ஆந்திரத்தோடு சேர்ந்திருந்து, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. ஆடிக் கிருத்திகையில் தமிழரும் தெலுங்கரும் வேற்றுமையின்றிக் காவடி தாங்கி இம்மலை ஏறுகின்றனர். சூரபன்மனொடு பொருத பின்னர் முருகப்பெருமான் செருச்சினம் தணிந்து அமர்ந்தமையின் தணிகை எனப் பெயர் பெற்றதென்பர். திருவாவடுதுறை ஆதீனத்துக் கச்சியப்ப முனிவர் 18ஆம் நூற்றாண்டில் இத்தலத்திற்குத் தணிகைப் புராணம் இயற்றினார். தலத்தின் பெயரே ஒரு மருந்து என்பதை அன்பர்கள் உன்னுக. வெகுளி உள்ளத்தில் எழுந்து உடம்பைச் சுடுவது, உறக்கத்தைக் கெடுப்பது, உணவைச் செரியாது செய்வது. அது தணிதலே நலத்திற்கு முதற்படியாம்.

15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் இத்தலத்திற்குப் பாடிய திருப்புகழ்களுள், நோய்களை வரிசையாக எண்ணும் பாடல் ஒன்றுண்டு. இருமல், முயலகன், வாதம், நீரிழிவு, விடாத தலைவலி, சோகை, பெருவயிறு, ஈளை, சூலை என்று அவர் நோய்களைப் பெயர் சொல்லியே விண்ணப்பித்துக்கொள்ளுகின்றார். உடம்பின் துன்பத்தை இறைவன் திருமுன்னர் எடுத்துரைக்க அவர் நாணவில்லை. அவ்விண்ணப்பம் உடம்பளவில் நின்றுவிடவுமில்லை. இந்நோய்கள் பிறவிகள்தோறும் தம்மை நலியாதவாறு திருவடியை அருளவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். உடற்பிணியும் பிறவிப்பிணியும் ஒருங்கே தீர்தற்குரிய இடம் திருவடி என்றவாறாயிற்று. இப்பாடலை நோயுற்றார் நாள்தோறும் ஓதுதல் வழக்கம், நல்வழக்கமே. ஆயின், ஓதினோம் ஆதலின் மருந்து வேண்டா என்பது அப்பாடலில் யாண்டும் இல்லாத பொருள். மருந்தும் மருத்துவனும் அவன் தந்த போகங்களுள் அடங்குவனவேயன்றோ?

தணிகைப் பெருமானை உளங்கொண்ட மற்றொருவர் இராமலிங்க அடிகள் (1823–1874). சென்னையில் இளமைப் பருவத்தே தம் அறையில் நிலைக்கண்ணாடி நிறுவி வழிபட்டகாலை, அதனுள் தணிகைமுருகன் காட்சி தந்தருளினான் என்பது அவர் வரலாறு. தணிகைப் பதிகங்கள் பல 1880இல் வெளிவந்த ஐந்தாந் திருமுறையில் உள்ளன. அடிகளுடைய பிற்காலக் கொள்கைபற்றிச் சைவ அறிஞருள் கருத்து வேறுபாடு உண்டு. அஃது ஈண்டைக்கு வேண்டாதது. நாம் கொள்ளத்தக்கது அவர் எழுதிய நித்திய கரும விதி. ஞாயிறு தோன்றுமுன் எழுதல், திருநீறு அணிந்து சிறிது நேரம் தியானித்தல், பல் துலக்கல், கரிசலாங்கண்ணி, தூதுவளை முதலிய மூலிகைகளைப் பயன்கொள்ளுதல், வெந்நீரைப் பயன்படுத்துதல், உணவில் அளவு காத்தல், உலாவுதல், உறங்குதல் ஆகிய அனைத்திற்கும் அவர் முறை வகுத்தார். கோபம், சோம்பல், பொய்மை, பொறாமை, கடுஞ்சொல் என்பவற்றை விலக்குக என்றும் அதனுள்ளேயே எழுதினார். கரிசலாங்கண்ணியும் கோபம் தவிர்த்தலும் ஒரே விதியுள் அடங்கியிருத்தல் கருதத்தக்கது. உடம்பும் உள்ளமும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதை அவர் நன்கறிந்திருந்தனர். தம் உடம்பை ஓம்பக் கற்பித்த அவரே, பிறர் பசி பொறாது 1867இல் வடலூரில் தருமசாலை அமைத்தார். தன்னை ஓம்புதல் தன்னலமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மூன்றாமவர் வள்ளிமலைத் திருப்புகழ்ச் சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950). மைசூர் அரண்மனையில் சமையல் தொழில் புரிந்த அவரைத் தீராத வயிற்றுநோய் வருத்தியதென்றும், பழநியை அடைந்து நலம்பெற்றுத் திருப்புகழுக்கே ஆளாயினரென்றும் கூறுவர். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைத் துரைமாரை நாடிச் சென்று வாழ்த்தும் வழக்கத்தை மாற்றக் கருதி, துரைகளுக்கெல்லாம் துரையாகிய தணிகேசனைக் காணுமாறு 1917ஆம் ஆண்டின் இறுதியில் திருப்படித் திருவிழாவைத் தொடங்கிவைத்தார். ஆண்டின் நாட்களை ஒத்த 365 படிகளிலும் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுதல் அவ்விழாவின் முறை. இன்றும் டிசம்பர் 31ஆம் நாள் அது நிகழ்கின்றது. கால் நடக்க, மூச்சு சீர்ப்பட, நாப் பாட, உள்ளம் ஒருமைப்பட, உடம்பு முழுதும் வழிபாடாகின்றது. ஒரே பாய்ச்சலில் மலை ஏறுவாரில்லை, படிப்படியாகவே ஏறவேண்டும். உடலோம்பலும் அத்தகையதே. ஒருநாள் பெருநோன்பு இயற்றிப் பலநாள் நெறியின்றி இருத்தலினும், நாள்தோறும் சிறிது முறையோடு ஒழுகுதல் நன்று. ஏற இயலாத முதியோரும் நோயாளரும் வாகனத்திற் சென்று வழிபடுதல் பத்திக்குக் குறைவாகாது. தன் வலியளவை அறிதலும் உடலோம்பலே.

ஆகவே, உடம்பை வெறுத்து வாட்டுதலும், உடம்பே பொருளென்று அதனை அலங்கரித்து நாட்கழித்தலும் ஆகிய இரண்டும் சைவநெறி அல்ல. கைத்தொழவும், கால் வலம்வரவும், நா ஏத்தவும், பிறர்க்குத் தொண்டாற்றவும் இறைவன் இதனைத் தந்தான். இது நம்முடைமையன்று, அவனுடைமை. பிறர் பொருளைக் கெடாமற் காத்து உரிய பணியில் ஈடுபடுத்துவது போல இதனைக் காத்தல் நம் கடன். காலையில் திருநீறணியும்போதே இவ்வெண்ணம் கொள்வோர்க்கு, அன்றைய உணவும் உறக்கமும் மருந்தும் உழைப்பும் வழிபாட்டின் உறுப்பேயாகும். சினம் தணித்துப் பிணி தணிக்கும் தணிகைப்பெருமான் அந்நெறியில் நம்மை நிறுத்துவானாக.

திருச்சிற்றம்பலம்.