அச்சாயிடுச்சு, யார் சுமக்கிறது?

‘நல்ல நாவல்னா தானா விக்கும்’ என்று நம்மிடம் சொல்கிறார்கள். இந்தத் ‘தானா’ என்ற சொல்லைத்தான் பிடித்து உலுக்க வேண்டியிருக்கிறது. எந்தப் புத்தகமும் தானாக நடந்து போவதில்லை. யாரோ சுமக்கிறார்கள். எதைச் சுமப்பார்கள், எதைக் கீழே போடுவார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்துதான் எடுத்தார்கள். அந்த உறவில் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1852இல் பாஸ்டன் நகரத்தில் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ வெளிவந்தது. தெற்கு மாநிலங்களின் அடிமைக் கொடுமையைச் சொன்ன நாவல். முதல் வருசத்திலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்வார்கள். ஏழு வருசம் கழித்து, 1859 செப்டம்பரில், அதே பாஸ்டனில் இன்னொரு ஹாரியட்டும் ஒரு நாவல் போட்டார். ஹாரியட் வில்சன், கறுப்பினப் பெண். பதிப்பாளர் யாரும் கிடையாது. அவருக்காக ஒரு அச்சகம் அச்சடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். தலைப்பு ‘அவர் நிக்’. நிக் என்பது கறுப்பர்களை வைகிற வசவின் சுருக்கம். எங்க வீட்டுக் கறுப்பி என்று எசமானிகள் கூப்பிடுகிற தொனி. எழுதியவர் பெயர் வரவேண்டிய இடத்திலும் அதே வசவைத்தான் அச்சடித்திருந்தார்.

கதை பெரும்பாலும் அவர் பட்டதுதான். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மில்ஃபோர்டு என்ற ஊரில், வெள்ளையர் வீடொன்றில் விடப்பட்ட ஒரு சிறுமி, அடியும் உதையும் வாங்கி வேலை செய்து வளர்கிறாள். அது அடிமை முறை இல்லாத வடக்கு. மில்ஃபோர்டோ அடிமை ஒழிப்புக் கூட்டங்களுக்குப் பேர்போன ஊர். அங்கேதான் சிக்கல். தெற்கத்தி ஆண்டையைத் திட்டினால் கை தட்டலாம். நம்ம வீட்டு அடுப்படியைக் காட்டினால்?

கை தட்டவில்லை. அடிமை ஒழிப்புப் பத்திரிகைகளில் இந்த நாவலுக்கு ஒரு மதிப்புரைகூடத் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. மிஞ்சிய பிரதிகள் யார் யாரிடம் இருந்தன என்று எரிக் கார்ட்னர் 1993இல் ஆராய்ந்து எழுதினார். மில்ஃபோர்டைச் சுற்றியிருந்த வெள்ளையர் வீடுகளில்தான் பெரும்பாலும் இருந்திருக்கின்றன. தன் இனத்துச் சகோதரர்கள் ஆதரிக்க வேண்டும் என்று முன்னுரையில் கேட்டிருந்தார் வில்சன். அவர்களிடம் போய்ச் சேர வழியில்லை.

பிள்ளையைக் காப்பாற்றத்தான் எழுதுகிறேன் என்றும் அதே முன்னுரையில் சொல்லியிருந்தார். புத்தகம் வந்து ஆறு மாதத்துக்குள், 1860 பிப்ரவரியில், அந்தப் பையன் செத்துப்போனான். வயசு 7. பிறகு நூறு வருசத்துக்கு மேல் நாவல் மறந்தே போனது. எழுதியது வெள்ளைக்காரராக இருக்கும் என்று நினைத்தவர்களும் உண்டு. 1983இல் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் மறுபதிப்புக் கொண்டுவந்தார். எழுதியவர் கறுப்பினப் பெண்தான் என்று காட்ட அவருக்கு உதவியது அந்தப் பையனின் சாவுப் பதிவு. காகிதத்தில் எழுதியதை நம்ப, சுடுகாட்டுச் சாட்சி வேண்டியிருந்தது.

நானும் சொந்தக் காசில் முதல் நாவல் போட்டவன். சீட்டுப் பணம், 500 பிரதி. முற்போக்கு பேசுகிற ஒரு வீட்டில் சாணி அள்ளியே காலம் கழித்த ஒரு பொம்பளையின் கதை. கடைக்காரர் 40 சதம் கழிவு கேட்டார், மீதிப் பணம் வித்தப்புறம் என்றார். அது வியாபாரம், புரிகிறது. கூட்டம் போட்டுத் தருவதாகச் சொன்ன நண்பர், படித்து முடித்த பிறகு, ‘மிராசுதார் வீடா மாத்தியிருக்கலாமே’ என்றார். கூட்டம் நடக்கவில்லை. வில்சனை அதற்கப்புறம்தான் படித்தேன்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பர், ரயிலில் போர்ட்டராக இருந்து, தெற்கு டகோட்டாவில் நிலம் உழுதவர். 1913இல் முதல் நாவலைத் தானே வெளியிட்டு வீடு வீடாகப் போய் விற்றார். 1917இல் வந்த ‘தி ஹோம்ஸ்டெடர்’ நாவலை ஒரு கம்பெனி படமாக எடுக்கக் கேட்டது. நான்தான் இயக்குவேன் என்றார் மிஷோ, அவர்கள் ஒப்பவில்லை. புத்தகம் வாங்கினவர்களிடமே போய்ப் பங்கு விற்றுக் காசு சேர்த்து, 1919இல் அவரே படம் எடுத்து வெளியிட்டார். நடந்த தடமே முதலாச்சு.

இது நமக்குப் புதுசா? 1893 அக்டோபரில் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 4 பக்கப் பத்திரிகை தொடங்கினார். அவரும் வசவையே தலைப்பாக வைத்தார்: ‘பறையன்’. சென்னையில் மட்டும் இரண்டே நாளில் சுமார் 400 பிரதி விற்றதாகத் தன் ஜீவிய சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் விலையையே பெயரில் சேர்த்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். அதைத் தாங்கியவர்களில் கோலார் தங்கவயல் சனங்களும் உண்டு. நம்ம சனம் படிக்காது என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

இன்றைக்கு 50 பிரதிகூட அச்சடிக்கலாம். அச்சு பெரிய மலையில்லை. சுமக்கிற தோள்தான் கேள்வி. அடுத்தவன் தோளில் ஏற்றினால், அவன் வீட்டைப் பற்றிய பக்கம் வந்ததும் இறக்கிவிடுவான். ஏப்ரல் 14க்குச் சேரியில் பந்தல் போடுகிறோம். அந்தப் பந்தல் ஓரத்தில் ஒரு சாக்கு விரித்து நம் புத்தகங்களை வையுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் இருக்கட்டும். வாங்குறவங்க பேரு, ஊரு எழுதி வாங்குங்க. அடுத்த நாவல் எழுதுகிற பிள்ளைக்கு அந்த நோட்டைக் கொடுங்க.