அத்தாப்பா, செங்கல்லா?

கோலாலம்பூரின் சுவர்களை எப்பொருளால் எழுப்புவது என்னும் வினா 1881இல் கூர்மையடைந்தது. ஜனவரியில் மூண்ட தீயும் டிசம்பரில் பெருகிய வெள்ளமும், மரத்தாலும் அத்தாப்பாலும் அமைந்திருந்த ஊரைச் சிதைத்தன. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு வற்புறுத்தினார்.

மறுதரப்பையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அத்தாப்பு மலிவானது, ஏழை தன் கையாலேயே வேய்ந்துகொள்வான். செங்கல்லுக்கோ சூளையும் முதலும் வேண்டும். அவ்விரண்டும் உடைய கபித்தான் யாப் ஆ லோய் சூளை நிறுவினார். அக்காலச் செங்கல் தொழிலின் நினைவையே, பின்னர் இரயில்வேத் தமிழர் குடியேறிய பிரிக்பீல்ட்ஸ் தன் பெயரில் தாங்கி நிற்கிறது.

செங்கல் தீயைத் தடுத்தது; நகரில் வீடு கட்ட யாரால் இயலும் என்பதையும் அதுவே வரையறுத்தது.