புதுச்சேரி (படப்பிடிப்புத் தலம்)

சோழமண்டலக் கரையில் 1674இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தளமாகத் தொடங்கிய புதுச்சேரி, இன்று பல மொழிப் படங்களுக்குப் படப்பிடிப்புத் தலம். கம்பெனி அதிகாரி பிரான்சுவா மர்த்தேன் இங்கே காலூன்றியது துணி வாணிபத்துக்காக. 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். நேர்க்கோட்டுத் தெருக்களுக்கு வரைபடம் போட்டவர்கள் அவர்கள்தான். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்களின் போக்கிலேயே மறுபடி கட்டினார்கள்.

ஊரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே, கடலோரம், பிரெஞ்சுப் பகுதி: மஞ்சள் மதில், உயர்ந்த வாயில், சுவரேறிய காகிதப்பூ. பாட்டுக் காட்சி எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட தமிழ்ப் பகுதி. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியும் (மொழிபெயர்ப்பாளர்) நாட்குறிப்பு எழுதியவருமான ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அங்கேதான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் தமிழ் மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுத் தூண்வரிசை. இந்த ஊரின் உண்மையான அழகு இந்தக் கலப்புதான். மஞ்சள் சுவர் அதில் பாதிகூட இல்லை.

அந்தக் கலப்பைப் பெரிய அளவில் பயன்படுத்திய படம் ஆங் லீ இயக்கிய ‘லைஃப் ஆஃப் பை’ (2012). யான் மார்ட்டெல் 2001இல் வெளியிட்ட நாவலின் நாயகன் புதுச்சேரிச் சிறுவன்; அவன் தந்தையின் விலங்குக் காட்சிசாலை தாவரவியல் பூங்காவில் அமைந்ததாகக் கதை. 2011 ஜனவரியில் படப்பிடிப்பு இங்கே தொடங்கியது. முத்தியால்பேட்டை செபமாலை அன்னை ஆலயமும் அதில் இடம்பெற்றது. பம்பாய் ஜெயஸ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. படம் நான்கு ஆஸ்கர் விருதுகளை வென்றது. கடல் காட்சிகளைத் தைவானில் நீர்த்தொட்டி கட்டி எடுத்தார்கள்.

தமிழில் விக்னேஷ் சிவனின் ‘நானும் ரௌடிதான்’ (2015) ஊரின் பெயரை மறைக்காமல் இங்கேயே கதை நடத்தியது. பல படங்களில் இத்தெருக்கள் பெயரில்லாத அழகான ஊராக வந்துபோவது பெரிய குறை.

கட்டடங்கள் நின்றால்தான் படப்பிடிப்பும் தொடரும். கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் எழுந்த மேரி எனும் நகர மன்றம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே உருவில் கட்டி 2021இல் திறந்தார்கள். தமிழ்ப் பகுதியில் இழப்பு இதைவிட அதிகம். திண்ணை வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். வைசியாள் தெருவில் மட்டும் மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தது. ஒரு தமிழ்த் தெரு முழுசாக எப்படி இருந்தது என்பதை அங்கே இன்றும் பார்க்கலாம்.