திருப்பத்தூரில் இரு சகோதரர்கள்

மருத்துவம் கற்றவனுக்கு வேலை இல்லாமற் போவதில்லை; ஆயினும் ஓயாத வேலைக்கு நடுவிலும் தன் ஜீவியம் எதன்பொருட்டு என்னும் ஏக்கம் தீராமல் அவனை வாட்டக்கூடும். அந்நாளில் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருப்பத்தூரில் 1921-ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்த டாக்டர் ஜேசுதாசன், டாக்டர் ஃபாரெஸ்டர் பேட்டன் ஆகிய இருவரின் சரித்திரத்தை, அவ்வேக்கத்திற்கு அவர்கள் வாழ்ந்து கண்ட விடையென்றே நான் கொள்கிறேன்.

ஜேசுதாசன் தமிழர், பேட்டனோ, ஸ்காட்லாந்தின் அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலைகளால் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தின் பிள்ளை. இருவரும் பிரிட்டனில் மருத்துவம் பயின்றவர்கள். இருவருக்கும் மிஷன் ஊழியத்தில் நல்ல இடம் கிடைத்திருக்கும். ஆனால், ஒரே கல்வியும் ஒரே விசுவாசமும் உடையவர்களாயினும் வெள்ளையருக்கு மேல் ஸ்தானமும் இந்தியருக்குக் கீழ் ஸ்தானமும் வகுத்து, மதில் சூழ்ந்த பங்களாவிலிருந்து அன்பைப் போதித்து வந்த அக்கால ஏற்பாட்டுக்குள் நின்றுகொண்டு, அடிமையின் ரூபமெடுத்துத் தம்மைத் தாழ்த்தின இயேசுவைப் பின்பற்றுவது எங்ஙனம்?

ஆகவே அவர்கள் தொழிலை விடாமல் வாழ்க்கை முறையையே மாற்றினார்கள். கதர் உடுத்து, மரக்கறி உணவு உண்டு, விவாகத்தைத் துறந்து, ஏழை நோயாளிகளுக்கு வைத்தியசாலை நடத்தி, ஆசிரமவாசிகளோடு தரையில் அமர்ந்து ஜெபித்த அவ்விருவரையும் ஊரார் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். எந்த மிஷன் சபையும் அளிக்க இயலாத பதவி அது. அவர்கள் எழுப்பிய ஜெபாலயமும் கூர்நுனிக் கோபுரமுடைய ஐரோப்பிய ஆலயமன்று. தூண்களும் மண்டபமும் கொண்டு, நம் நாட்டுக் கோயிற் சிற்பமரபைத் தழுவி நிற்பது. வழிபாட்டுக்கு இசைந்த அமைதி இந்த மண்ணின் கற்பணியிலும் உண்டென்பதை ஐயமற உணர்ந்தவர்களே அப்படிக் கட்டியிருக்க முடியும்.

தெரிந்துகொண்ட வழிக்குக் கிரயமும் செலுத்த நேர்ந்தது. 1932-இல், சட்டமறுப்புக் கிளர்ச்சி மூண்டிருந்த சென்னையில், அந்நியத் துணி மறியல் நடந்த வீதியில் கதராடையோடு நின்ற பேட்டனைப் போலீஸார் தடியால் அடித்து, நிறம் கலந்த நீரைப் பீய்ச்சி நனைத்தார்கள். அச்செய்தி பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரையில் எட்டிக் கேள்வியாக எழுந்தது. கம்பளி நூலால் செழித்த வீட்டில் பிறந்தவர், ஏழையின் கைராட்டினம் தந்த துணியை உடுத்தியமைக்காகத் தம் சொந்த அரசாங்கத்தின் கையால் அடிபட்டார் என்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் உருகுகிறது. பரம்பரைச் செல்வத்தைத் துறப்பதினும், பிறந்த இனத்தின் பாதுகாப்பைத் துறப்பதே கடினமானது. அதையும் அவர் துறந்தார். திருப்பத்தூரை விட்டு அகலவுமில்லை.

பிராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களிடையே இத்தகைய ஆசிரமங்களுக்கு இதுவே முன்னோடி. இது தோன்றிய மறு ஆண்டாகிய 1922-இல் ஆங்கிலேய மிஷனெரியான வின்ஸ்லோ கிறிஸ்த சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1930-இல் அமெரிக்க மிஷனெரியான ஸ்டான்லி ஜோன்ஸ் இமயமலை அடிவாரத்து ஸாத் தாலில் ஆசிரமம் கண்டார். கத்தோலிக்கத் துறவியரான மோன்ஷனேனும் லெ சோவும் 1950-இல் குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில் சாந்திவன ஆசிரமத்தை நிறுவினார்கள். அவற்றுட் சில தியானத்தாலும் சில தத்துவ விசாரத்தாலும் பெயர் பெற்றன. திருப்பத்தூரிலோ, காலையில் ஜெபித்து எழுந்த கைகளே அன்றைய நோயாளியின் நாடியைப் பற்றின. ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்திவைக்கவேண்டிய அவசியத்தை அச்சகோதரர்கள் கண்டதில்லை.