கூட்டுக் குடும்பமாகக் கோலாலம்பூர் பயணமா? தங்குமிடம் தேடும்போது கவனிக்கவேண்டியவை

ஜூன் மாத நான்கு வார விடுமுறையும் ஆண்டிறுதி ஆறு வார விடுமுறையும் நெருங்கும்போது, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பேச்சில் முதலில் வரும் ஊர் கோலாலம்பூர். பத்துமலையில் முருகனைத் தரிசிக்கலாம். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் சேலை எடுக்கலாம். கிள்ளானில் இருக்கும் உறவினர்களையும் பார்த்துவிட்டு வரலாம். தூரமும் ஏறக்குறைய 350 கிலோமீட்டர்தான்.

நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால், அறை தேடுவது சில நிமிட வேலை. தாத்தா, பாட்டி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எனப் பத்துப் பேருக்கு மேல் கிளம்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முன்பதிவுத் தளங்கள் தலைகளை எண்ணி அறைகளாகப் பிரித்துக் காட்டிவிடும். இரவில் இருமுறை கழிவறைக்கு எழும் பாட்டிக்குத் துணை வேண்டும் என்பது அந்தத் தளங்களுக்குத் தெரியாது. தாத்தா, பாட்டியின் அறை ஆறாவது தளத்திலும் மகனின் அறை பதினேழாவது தளத்திலும் அமைந்துவிடுவது இப்படித்தான்.

இத்தகைய பயணங்கள் பெரும்பாலும் வீட்டு மூத்தோருக்காகவே ஏற்பாடு செய்யப்படுகின்றன. அவர்களே தனித்துவிடப்பட்டால் பயணத்தின் நோக்கம் கெட்டுவிடும். எனவே, யார் யாருடன் தங்குவது என்பதை முதலில் முடிவுசெய்து, அதைத் தங்குமிடத்திடம் எழுத்துமூலம் உறுதிப்படுத்திக்கொண்டு, அதன் பிறகு விலையை ஒப்பிடுவதே சரியான வரிசை.

முதலில் ஒரு தாள், பிறகு தேடல்

பதினொரு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தாத்தா, பாட்டி, திருமணமாகாத அத்தைப் பாட்டி. மூத்த மகன், மருமகள், அவர்களின் 14 வயது மகள், 9 வயது மகன். இளைய மகள், மருமகன், அவர்களின் 6 வயது, 2 வயதுப் பிள்ளைகள்.

ஓர் அறைக்கு இருவர் எனக் கணக்கிட்டால் ஆறு அறைகள் தேவைப்படும். அறைக்கு நால்வர் என்றால் மூன்று அறைகள் போதும். ஆனால் அதில் தாத்தாவும் பாட்டியும் மற்றவர்களுடன் நெருக்கியடித்துப் படுக்கவேண்டியிருக்கும். பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் வேறு வழி தெரியும். தாத்தா, பாட்டி ஓர் அறையில். அத்தைப் பாட்டியும் 14 வயதுப் பேத்தியும் அதை ஒட்டிய அறையில். மூத்த மகன் குடும்பத்தில் மற்ற மூவர் ஓர் அறையில். இளைய மகள் குடும்பத்தின் நால்வர் ஓர் அறையில். மொத்தம் நான்கு அறைகள். இவற்றுள் முதல் இரண்டு அறைகளுக்கு இடையே கதவு இருக்கவேண்டும். மற்ற இரண்டும் அதே தளத்தில் இருந்தால் போதும்.

இந்தத் தாள் கையில் இருந்தால், எந்த ஹோட்டலிடமும் என்ன கேட்கவேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.

சொற்களில் இருக்கும் வேறுபாடு

‘கனெக்டிங் ரூம்’ என்றால் இரண்டு அறைகளுக்கு இடையே உட்புறக் கதவு இருக்கும். தாழ்வாரத்திற்கு வராமலேயே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லலாம். ‘அட்ஜாயினிங் ரூம்’ என்றால் அடுத்தடுத்த அறைகள் என்று மட்டுமே பொருள். இடையே கதவு இருக்கும் என்ற உறுதி இல்லை. மூத்தோரும் சிறு குழந்தைகளும் செல்லும் பயணத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது.

‘ஃபேமிலி ரூம்’ என்ற பெயரும் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறுபடும். ஓரிடத்தில் இரண்டு பெரிய கட்டில்கள் இருக்கும். வேறோர் இடத்தில் ஒரு பெரிய கட்டிலும் ஒரு சோபா கட்டிலும் மட்டுமே இருக்கும். படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கட்டில்களின் எண்ணிக்கையையும் அளவையும் கேட்டறியவேண்டும்.

‘இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள்’ என்று குறிப்பிடப்பட்டிருந்தால், பிள்ளை என்பதற்கான வயது வரம்பு என்ன என்றும் கேட்கவேண்டும். எடுத்துக்காட்டில் உள்ள 14 வயதுப் பேத்தி பல ஹோட்டல்களில் பெரியவராகவே கணக்கிடப்படுவார். கூடுதல் கட்டிலுக்குத் தனிக் கட்டணம் உண்டா, அதை அறையில் போட இடம் இருக்கிறதா என்பவையும் அடுத்த கேள்விகள்.

தளத்தில் பதிவு, தொலைபேசியில் உறுதி

முன்பதிவுத் தளங்களில் ‘சிறப்புக் கோரிக்கை’ என்ற பகுதியில் எழுதுவது வெறும் வேண்டுகோளே. அன்று அறை இருந்தால் ஹோட்டல் அதை நிறைவேற்றும்; இல்லையென்றால் நிறைவேற்றாது. ஆகவே, பணத்தைத் திருப்பிப் பெறக்கூடிய விதிமுறையில் பதிவு செய்துகொண்டு, பிறகு ஹோட்டலின் முன்பதிவுப் பிரிவை நேரடியாக அழைப்பது நல்லது. இடைக்கதவு உள்ள அறைகளை ஒதுக்கமுடியும் என அவர்கள் கூறினால், அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பும்படி கேட்கவேண்டும். அந்த மின்னஞ்சலைக் கைப்பேசியில் வைத்திருந்தால், முகப்பில் விளக்கிக்கொண்டு நிற்கவேண்டியிருக்காது.

எல்லா அறைகளையும் ஒரே பதிவில் எடுப்பதும், ஒவ்வோர் அறைக்கும் அதில் தங்கும் பெரியவர் ஒருவரின் பெயரைக் கொடுப்பதும் வசதி. ஒரு கார் தாமதமாக வந்தாலும், முதலில் வந்தவர்கள் தங்கள் சாவியைப் பெற்றுக்கொள்ளலாம். முகப்பில் பதிவு செய்யும்போது கடப்பிதழ்களைக் கேட்பார்கள் என்பதால் அவற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடக்கூடாது.

பல ஹோட்டல்களில் அறை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கே கிடைக்கும். அதிகாலையில் புறப்பட்டு முற்பகலில் போய்ச் சேரும் குடும்பம், நான்கு அறைகளையும் முன்கூட்டியே கேட்டால் கிடைப்பது கடினம். மூத்தோருக்காக ஓர் அறையை மட்டும் முன்னதாகத் தரமுடியுமா என்று கேட்டால் வாய்ப்பு அதிகம். திரும்பும் நாளிலும் ஓர் அறையை மட்டும் மாலைவரை வைத்துக்கொள்ளலாம்.

எந்த வட்டாரம்?

பிரிக்ஃபீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரல்: சைவ உணவகங்களும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளும் நடக்கும் தூரத்தில் இருப்பதால் மூத்தோருக்கு ஏற்ற இடம். ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும் இங்குதான் உள்ளது. கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயிலில் நேரே பத்துமலைக்குச் செல்லலாம். சிங்கப்பூர்ப் பேருந்துகளில் சில தெற்கு ஒருங்கிணைந்த முனையமான டிபிஎஸ்ஸில் இறக்கிவிடும். அங்கிருந்தும் கேஎல் சென்ட்ரலுக்கு ரயில் உண்டு.

மஸ்ஜித் ஜாமெக், பசார் சேனி: துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் அருகில் தங்க விரும்புவோருக்கு உகந்தது. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. பழைய கட்டடங்களில் இயங்கும் சிறிய ஹோட்டல்கள் இங்கு அதிகம். மின்தூக்கி இருக்கிறதா, அறைக்குச் சன்னல் உண்டா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யவேண்டும்.

புக்கிட் பிந்தாங், கேஎல்சிசி: பெரிய கடைத்தொகுதிகளும் இரட்டைக் கோபுரமும் பிள்ளைகளை ஈர்க்கும். இரு பகுதிகளையும் இணைக்கும் மேல்நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் பாதுகாப்பு. பொதுவாக அறை விலை கூடுதலாக இருக்கும் வட்டாரம் இது.

பண்டார் சன்வே: பயணத்தின் முக்கிய நாள் சன்வே லகூன் என்றால், நகர மையத்தில் தங்கி நெரிசலில் போய்வருவதைவிட இங்கேயே தங்கலாம். பதினொரு பேரும் ஒரே வட்டாரத்தில் எல்லா இரவுகளையும் கழிக்கவேண்டும் என்பதில்லை. மூன்று இரவுகளில் ஒன்றை இங்கு வைத்துக்கொள்ளலாம்.

தைப்பூசத்தை ஒட்டிச் செல்வோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ளவேண்டும். முருகனின் வெள்ளி ரதம் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் இரவில், அவ்வட்டாரச் சாலைகளில் காருடன் ஹோட்டலை அடைவது எளிதன்று. ஒரு நாள் முன்னதாகவே சென்றுவிடுவது நல்லது.

அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுப்போர் கவனத்திற்கு

மூன்று படுக்கையறைகள், சமையலறை, சலவை இயந்திரம் ஆகியவை கொண்ட வீடு பெரிய குடும்பத்திற்கு மிகவும் வசதியானது. பாட்டிக்குக் கஞ்சி வைக்கலாம். எல்லாரும் ஒரே கூடத்தில் அமர்ந்து பேசலாம். ஹோட்டலைப்போல முகப்புடன் இயங்கும் சர்வீஸ் அபார்ட்மென்டுகளில் சிக்கல் குறைவு. தனியார் கொண்டோமினியம் வீட்டை உரிமையாளரிடம் சில நாள்களுக்கு எடுக்கும்போதுதான் எச்சரிக்கை தேவை.

மோண்ட் கியாராவில் உள்ள அடுக்குமாடி வளாகம் ஒன்று தொடர்பான வழக்கில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2020ல் தீர்ப்பு வழங்கியது. குறுகியகால வாடகையைத் தடைசெய்யும் விதியைக் கட்டட நிர்வாகக் கழகம் கொண்டுவரலாம் என அத்தீர்ப்பு கூறியது. எனவே, வீட்டு உரிமையாளர் சம்மதித்தாலும் கட்டட நிர்வாகம் மறுக்கலாம். இரவு பதினொரு மணிக்குக் களைத்துப்போன குழந்தைகளுடன் வாயிற்காவலரிடம் வாதிடும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

‘காவலர் கேட்டால் உரிமையாளரின் நண்பர் என்று சொல்லுங்கள்’ என்று அறிவுறுத்தப்பட்டால், அந்த வீட்டைத் தவிர்ப்பதே நல்லது. சாவி வளாகத்திற்கு வெளியே வேலியில் தொங்கும் பெட்டிக்குள் இருக்கும் என்றாலும் யோசிக்கவேண்டும். ‘இக்கட்டடத்தில் குறுகியகால விருந்தினருக்கு அனுமதி உண்டா, எங்கள் பெயர்களையும் கார் எண்களையும் முன்கூட்டியே பதிவு செய்வீர்களா’ என்று கேட்டு, பதிலை முன்பதிவுத் தளத்தின் செய்திப் பகுதியிலேயே பெறவேண்டும். விலையைக் குறைப்பதாகக் கூறித் தனிப்பட்ட வங்கிக் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பக்கூடாது. தளத்திற்கு வெளியே கட்டிய பணத்தை மீட்பது கடினம்.

மின்தூக்கிக்கான அட்டைகள் எத்தனை தரப்படும் என்பதும் சிறிய கேள்வியன்று. பல கட்டடங்களில் அட்டை இல்லாமல் மின்தூக்கி நகராது. பதினொரு பேருக்கு ஒரே ஓர் அட்டை இருந்தால், ஒருவர் பால் வாங்கச் சென்றாலும் மற்றவர்கள் காத்திருக்கவேண்டும்.

மொத்தச் செலவைக் கணக்கிடுதல்

மலேசியாவில் தங்கும் வெளிநாட்டினர் ஹோட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி செலுத்தவேண்டும். இவ்வரி 2017 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது இல்லை. அறைக் கட்டணத்தின் மீதான சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடாக உள்ளது.

அறை விலை 250 ரிங்கிட், அதில் வரி சேர்க்கப்படவில்லை என வைத்துக்கொண்டால், நான்கு அறைகளுக்கு மூன்று இரவுகளில் 3,000 ரிங்கிட் ஆகும். சேவை வரி 240 ரிங்கிட், சுற்றுலா வரி 120 ரிங்கிட் சேர்த்தால் 3,360 ரிங்கிட். தளத்தில் கட்டணம் முழுவதையும் செலுத்தியிருந்தாலும், சுற்றுலா வரியை முகப்பில் தனியாகக் கேட்கக்கூடும். திருப்பித் தரப்படும் முன்பணத்தையும் பல ஹோட்டல்கள் ஒவ்வோர் அறைக்கும் வாங்கும்.

‘காலை உணவு உண்டு’ என்பது பெரும்பாலும் அறைக்கு இருவருக்கே. எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் நான்கு அறைகளுக்கு எட்டுப் பேரின் உணவு சேர்ந்திருக்கும். மற்ற மூவருக்குக் கட்டணம் உண்டா எனக் கேட்கவேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற இடத்தில் தங்கினால், காலை உணவு இல்லாத விலையில் அறை எடுத்துவிட்டு வெளியில் தோசை சாப்பிடுவது மலிவாக அமையலாம்.

மூத்தோருக்காகக் கேட்கவேண்டியவை

குளியலறையில் தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்கவேண்டுமா, சமதளத்தில் குளிக்கலாமா? பிடிமானக் கம்பி உண்டா? இன்சுலின் வைக்கக் குளிர்பதனப் பெட்டி அறையில் இருக்கிறதா? அறை மின்தூக்கிக்கு அருகில் கிடைக்குமா? நுழைவாயிலில் படிகள் இல்லாமல் சக்கர நாற்காலி செல்லுமா? வேனில் செல்வோர், வாகன நிறுத்துமிடத்தின் உயர வரம்பையும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

உறவினர் வீட்டில் தங்க அழைப்பு வந்தால், பதினொரு பேரும் அங்கே செல்வது அவர்களுக்குச் சிரமம். தாத்தா, பாட்டி மட்டும் ஓர் இரவு அங்கு தங்கிப் பழைய கதைகளைப் பேசலாம். மற்றவர்கள் ஹோட்டலில் தங்கிவிட்டு மறுநாள் சாப்பாட்டிற்குச் சென்று சேர்ந்துகொள்ளலாம். அழைத்தவர்களின் மனமும் கோணாது, மூத்தோருக்கும் மகிழ்ச்சி.

பயணத்திற்கு ஒரு வாரம் முன்பு ஹோட்டலை மறுபடியும் ஒருமுறை அழைத்து, அறைகளின் ஏற்பாட்டை உறுதி செய்துகொள்ளவேண்டும். முன்பு சொன்னது மாறியிருந்தால், கட்டணமின்றி இரத்து செய்வதற்கான கடைசி நாளுக்குள் வேறு இடம் தேட அப்போது நேரம் இருக்கும். அதனால் அந்தக் கடைசி நாளையும் யார் யாருடன் தங்குவது என எழுதிய அதே தாளில் குறித்துவைப்பது நல்லது.